பெட்டிக்கடை மாத்திரையும் ஆயிரம் பேர் ஊரும்

தெருமுனைப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்கும் கடலை மிட்டாய் பாட்டிலுக்கும் நடுவே ஒரு தலைவலி மாத்திரை அட்டை தொங்கிக்கொண்டிருக்குமே, அதை அந்தக் கடைக்காரர் விற்பது சட்டப்படி சரியா, தப்பா?

வகுப்பில் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "தலைவலி மாத்திரைதானே, யார் வேணாலும் விக்கலாம்" என்றது ஒரு கட்சி. "மெடிக்கல் ஷாப்பைத் தவிர யாரும் விக்கக் கூடாது" என்றது இன்னொரு கட்சி. இரண்டுமே முழுக்கச் சரியில்லை. சட்டம் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமானது. கடை எந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள், மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறது!

இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு வடசென்னையில் உள்ள சடையங்குப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏன் அந்த ஊர் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் மருந்து விற்பனையை ஆள்வது 1940-ம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் எழுதப்பட்ட 1945-ம் வருடத்து விதிகளும். (ஆரம்பத்தில் பெயர் வெறும் 'மருந்துகள் சட்டம்'தான். பவுடரும் ஸ்நோவும் 1962-ல் சேர்ந்துகொண்டன.) உரிமம் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது என்பது பொது விதி. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்தை 'ஓ.டி.சி.' என்று எல்லோரும் சொல்கிறோம் அல்லவா, அந்தச் சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. சீட்டு தேவையில்லை என்பது வேறு, உரிமம் தேவையில்லை என்பது வேறு. சீட்டு தேவையில்லாத பாராசிட்டமாலையும் உரிமம் உள்ள கடைதான் விற்க வேண்டும்.

இந்தப் பொது விதிக்கு விலக்குகளைச் சொல்வது 'கே' அட்டவணை. அதில் 13-வது பதிவு வீட்டு மருந்துகளைப் பற்றியது. ஆஸ்பிரின், பாராசிட்டமால், வலி தைலம், அமிலத்தை முறிக்கும் மருந்து, குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர், மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாய், இருமல் சிரப்பும் மாத்திரையும், தீப்புண் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, விளக்கெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டிங்சர் அயோடின் என்று போகும் ஒரு பட்டியல். இவற்றை உரிமம் இல்லாமலேயே விற்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஊர் ஒரு கிராமமாக இருக்க வேண்டும், அங்கே ஆயிரம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருந்துக்கடை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. சரக்கை உரிமம் உள்ளவரிடமிருந்துதான் வாங்கியிருக்க வேண்டும். கம்பெனி ஒட்டி அனுப்பிய பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். பெட்டிக்கடையில் யாராவது பத்து மாத்திரை அட்டையை முழுசாக வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கத்தரிக்கோலால் ஒன்றோ இரண்டோ நறுக்கிக் கொடுப்பார்கள். தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் யாரிடம் போனதோ அவருக்குத்தான் தேதி தெரியும். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. ஆக, ஆயிரம் பேருக்குக் குறைவான குக்கிராமத்திலும் நடைமுறையில் நடக்கும் சில்லறை விற்பனை விதிக்கு வெளியேதான் நடக்கிறது.

சரி, இந்த ஆயிரம் பேர் ஊர் என்ற யோசனைக்குப் பின்னால் இருக்கும் காலத்தைப் பார்ப்போம்.

மருந்துக்கடை இல்லாத ஊருக்கு மருந்தை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுந்துவிட்டது. அப்போதைய பெரிய எமன் மலேரியா. அதற்கு இருந்த ஒரே நம்பகமான மருந்து கொய்னா. 1860-களில் நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்டு, நடுவட்டத்தில் அதன் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். (நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்யக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் கதை தனியாக ஒரு கட்டுரைக்குத் தாங்கும்.) எடுத்த கொய்னாவைக் கிராமத்துக்குச் சேர்க்க மருந்துக்கடைகள் ஏது? வங்காளத்தில் 1892-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தபால் ஆபீஸ்! கடிதம் வாங்கப் போகிற இடத்திலேயே ஒரு பைசாவுக்கு, அதாவது நம் பாட்டிமார் சொல்லும் காலணாவுக்கு, ஒரு பொட்டலம் கொய்னா. பிறகு இந்த ஏற்பாடு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. போஸ்ட் மாஸ்டர் மருந்தாளுநர் இல்லை. ஆனால் பொட்டலம் அரசாங்கத்தில் கட்டியது, அளவு குறித்தது, பிரிக்காதது. மருந்தை விற்கிறவருக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொட்டலம் ஒழுங்காக இருந்தால் போதும் என்ற எண்ணம் இங்கேயே தெரிகிறது.

ஆனால் தபால் ஆபீஸுக்கு வெளியே சந்தை நாறிக் கிடந்தது. கொய்னா என்ற பெயரில் கொய்னாவே இல்லாத மாத்திரை, கலப்பட மருந்து, காலாவதியான இறக்குமதிச் சரக்கு எல்லாம் தாராளமாக விற்றன. புகார் அதிகமாகி 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. நாடு முழுக்கச் சுற்றி 1931-ல் அறிக்கை கொடுத்தார்கள். மருந்தைக் கட்டுப்படுத்த நாட்டில் உருப்படியான சட்டமே இல்லை, உடனே வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அரசு வழக்கம்போல் சாவகாசமாக 1937-ல் இறக்குமதி மருந்துக்கு மட்டும் ஒரு மசோதா கொண்டுவந்தது. அது போதாது, உள்நாட்டில் தயாராவதும் விற்பதும் சேர வேண்டும் என்று எதிர்ப்பு வந்து, 1940-ல் முழுச் சட்டம் வந்தது.

அதன் விதிகளில் கடைகளுக்குப் பெயர் வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மருந்தாளுநர் இருந்து, மருந்தைக் கலந்தும் கொடுத்தால் அந்தக் கடை 'பார்மசி' என்று போர்டு வைக்கலாம். மருந்தாளுநர் உண்டு, கலந்து கொடுப்பதில்லை என்றால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் ட்ரக்கிஸ்ட்ஸ்'. மருந்தாளுநரே தேவைப்படாத சரக்கு மட்டும் விற்றால் 'ட்ரக்ஸ்டோர்'. இனி தெருவில் போகும்போது போர்டுகளைப் படித்துப் பாருங்கள். எத்தனை 'பார்மசி'யில் மருந்து கலந்து கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் நேரம் நன்றாகப் போகும்.

இந்த மூன்றாவது வகைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். மருந்தாளுநரின் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளுக்குக் 'கட்டுப்படுத்தப்பட்ட உரிமம்' என்று ஒன்றை விதிகள் வைத்திருக்கின்றன. 20ஏ, 21ஏ என்ற படிவங்களில் தருவது. வேறு வழியில் மருந்து எட்டாத, ஜனம் குறைந்த கிராமப்புறங்களில் ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரிக்குக்கூட விதிவிலக்காக இப்படி உரிமம் தரலாம். அதாவது மருந்துக்கடை இல்லாத இடத்தில் மருந்து விற்கச் சட்டத்தில் இரண்டு கதவுகள். ஒன்று, ஆயிரம் பேர் கிராமம் என்ற திறந்த கதவு. இன்னொன்று, விண்ணப்பித்தால் அதிகாரி விரும்பினால் திறக்கும் கதவு. இரண்டாவதில் ஊர் அளவு கணக்கில்லை. ஆனால் பீடியும் வெற்றிலையும் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, நாலு அட்டை மாத்திரைக்காகப் படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலக வாசலில் போய் நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

முழு உரிமம் வேண்டுமென்றால் கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து காலை மடக்கினால் நிறைந்துவிடும் பெட்டிக்கடைக்கு அதெல்லாம் கனவு. உரிமம் இல்லாமல் விற்றால் என்ன தண்டனை? 2008-ல் திருத்திய பிறகு குறைந்தபட்சம் மூன்று வருடம் சிறை, அதிகபட்சம் ஐந்து, கூடவே ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். தனிக் காரணம் எழுதி வைத்துவிட்டு நீதிமன்றம் இதைக் குறைக்கலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் காகிதத்தில் நிற்கிறது மூன்று வருடம். சில ரூபாய் மாத்திரைக்கு!

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருகிறோம். அப்படியானால் நகரத்துப் பெட்டிக்கடையில் சட்டப்படி எந்த மருந்துமே இருக்க முடியாதா? இருக்க முடியும். ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருந்துகளுக்கு 1964-ல் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அவற்றைத் தயாரிக்க உரிமம் வேண்டும், விற்க வேண்டாம். அதனால்தான் நாட்டு மருந்துக்கடைக்காரர் நிம்மதியாக இருக்கிறார். அதே வாசல் வழியாகப் பெரிய பெரிய கம்பெனிகளும் உள்ளே வந்துவிட்டன.

அமிர்தாஞ்சனை எடுத்துக்கொள்ளுங்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் ஆரம்பித்து 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்த தைலம். (இதில் வந்த லாபத்தில் 'ஆந்திர பத்திரிகா' நடத்தினார் அவர். தலைவலி தைலம் ஒரு பத்திரிகையை வாழவைத்தது அதிசயமில்லை, பத்திரிகை படித்தால் தலைவலி வருமே!) அது ஆயுர்வேத மருந்தா, அலோபதியா என்று கலால் வரி விஷயமாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-ல் ஆயுர்வேதம்தான் என்று தீர்ப்பானது. விக்ஸ் வேப்போரப்புக்கும் அதே கதை, தீர்ப்பு 2003-ல். வீட்டில் இருக்கும் நீல டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ஆயுர்வேத மருந்து என்று எழுதியிருக்கும். ஈனோ பாக்கெட்டைத் திருப்பினால் இன்னும் வேடிக்கை. ஆப்ப சோடாவும் எலுமிச்சை அமிலமும் 'சுவர்ஜிக்ஷாரம்', 'நிம்புகாம்லம்' என்று சமஸ்கிருதப் பெயரில் உட்கார்ந்திருக்கும். வழக்குகள் வரிக்காக நடந்தவை என்றாலும் பலன் கடை அலமாரியிலும் தெரிகிறது. ஒரே கற்பூரம், ஒரே மெந்தால், ஒரே யூகலிப்டஸ். லேபிளில் ஆயுர்வேதம் என்றிருந்தால் அண்ணா சாலையில்கூட எந்தக் கடையும் விற்கலாம். அலோபதி வலி தைலம் என்றிருந்தால் ஆயிரம் பேர் கிராமத்தில்தான் உரிமமில்லாமல் விற்கலாம். உடம்பில் தேய்த்த பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும்.

அரசாங்கத்துக்கு வேண்டும் என்றால் பெட்டிக்கடை எவ்வளவு நல்ல இடம் என்பதற்கும் வரலாறு உண்டு. 1968-ல் நிரோத் ஆணுறையை நாடு முழுக்க விற்கத் திட்டம் போட்டபோது மருந்துக்கடைகளை நம்பி அரசு உட்கார்ந்துவிடவில்லை. புரூக் பாண்ட், லிப்டன், ஹிந்துஸ்தான் லீவர், ஐ.டி.சி., டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு ஆகிய ஆறு கம்பெனிகளைக் கூப்பிட்டது. டீத்தூளும் சோப்பும் சிகரெட்டும் டார்ச் பேட்டரியும் எந்தக் கடைக்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் நிரோத்தும் போகட்டும் என்றது. மூன்று பதினைந்து பைசா. ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஜனத்தொகையைக் குறைக்கத்தானே திட்டமே!

இனி சடையங்குப்பம்.

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தாழ்வான பகுதி. வடக்கே கொசஸ்தலை ஆறு. சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், கன்டெய்னர் லாரி. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் குடியேறிய பர்மா நகர் இங்கேதான் இருக்கிறது. 2011 வரை இது ஒரு கிராம ஊராட்சி. அந்த வருடம் அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக வீங்கியது. 42 உள்ளாட்சிகள் மாநகராட்சிக்குள் போயின. அதில் ஒன்று சடையங்குப்பம். எடையஞ்சாவடி, கடப்பாக்கம் எல்லாம் கூடவே போனவை.

சட்டத்தின் முதல் கதவு என்ன ஆனது என்று இப்போது யோசியுங்கள். 'கிராமம்' என்று பெயர் இருந்தவரை, எத்தனை பேர் வசிக்கிறார்கள், எதை ஒரு கிராமமாக எண்ணுவது என்று வாதாடவாவது இடமிருந்தது. மாநகராட்சி வார்டு ஆன பிறகு தலையை எண்ணும் வேலையே இல்லை. கதவு சாத்தப்பட்டது. ஆனால் அன்று ராத்திரி எந்த மருந்துக்கடையும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அடிகூட நகர்ந்து வந்துவிடவில்லை. அரசிதழில் ஒரு கோடு மாறியது, அவ்வளவுதான். இந்த விதியில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். தூரம் என்ற சொல்லே அதில் இல்லை. மருந்துக்கடைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், வழியில் ஆறு குறுக்கே வருமா, ராத்திரி பஸ் உண்டா என்றெல்லாம் அது கேட்பதில்லை. ஜனத்தொகையை மட்டும் கேட்கிறது. ஆயிரத்தொரு பேர் இருக்கும் ஊருக்கும் சென்னைக்கும் அதன் கண்ணில் வித்தியாசமில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் இல்லை. சடையங்குப்பம் மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஊர். 2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலை வழியாக வந்து மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும் சூழ்ந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து வந்து எர்ணாவூர், காட்டுக்குப்பம் என்று எண்ணூர் ஓரக் குப்பங்களில் சுவரெல்லாம் கறுத்துப் போனது. அரிப்பு, கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று ஜனங்கள் மருத்துவ முகாமில் வரிசையில் நின்றார்கள். முகாம் வருவதற்கு எப்போதும் நேரம் ஆகும். தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், நடந்து எட்டுகிற ஒரே மருந்து, தெருக்கோடிப் பெட்டிக்கடையில் தொங்கும் அட்டைதான். சட்டப்படி அது அங்கே இருக்கவே கூடாது.

மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுக்கவே முடியாது என்று அரசே நினைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கே அட்டவணையில் 23-வது பதிவு சுகாதாரப் பணியாளர்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் அரசுத் திட்டங்களில் கொடுக்கும் மருந்துகளுக்கு விலக்கு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் அது நாள்பட்ட நோய்க்கு, மாதக் கணக்கில். ராத்திரி பதினொரு மணிக் காய்ச்சலுக்கு இல்லை.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் எல்லாக் கடையிலும் விற்கவிடு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் 13-வது பதிவிலேயே பயமுறுத்தும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, அயோடோகுளோரோஹைட்ராக்ஸிகுயினோலின் 250 மில்லிகிராம் மாத்திரை. (மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.) ஒரு காலத்தில் என்டிரோவயோஃபார்ம் என்ற பெயரில் வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக விழுங்கியது. ஜப்பானில் இதைச் சாப்பிட்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் நரம்பு பாதித்து, கால் விளங்காமலும் பார்வை மங்கியும் போனார்கள். 'ஸ்மான்' என்று அந்த நோய்க்குப் பெயர். 1970-ல் ஜப்பான் விற்பனையை நிறுத்தியது. நம் பட்டியலிலோ அது குக்கிராமத்தில் உரிமமின்றி விற்கத்தக்க வீட்டு மருந்து! பக்கத்திலேயே கொய்னா மாத்திரையும் இருக்கிறது, காலணாப் பொட்டலத்தின் பேரனாக.

இன்னொன்று இருமல் சிரப். மாத்திரை திடப் பொருள். சிரப்புக்கு மருந்தைக் கரைக்க ஒரு திரவம் வேண்டும். கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைத் திரவம் மலிவு, பார்க்க ஒரே மாதிரி, இனிக்கவும் செய்யும். குடித்தால் சிறுநீரகம் நின்றுவிடும். 1937-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு மருந்து நூறு பேருக்கு மேல் கொன்று, அந்த நாட்டின் மருந்துச் சட்டத்தையே 1938-ல் மாற்றவைத்தது. 1972-ல் நம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 15 குழந்தைகள் இதே நஞ்சுக்கு இறந்தார்கள். சென்னைக்காரர்களே மறந்துபோன விஷயம் இது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். அதற்கு நீதிபதி லென்டின் ஆணையம் உட்கார்ந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடா பகுதியில் 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாதிக்குப் பாதி நஞ்சை மருந்து என்று லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் டெல்லியில் 13-வது பதிவைத் திறந்து பார்த்தார்கள். 2025 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு, அந்தப் பட்டியலிலிருந்து 'சிரப்' என்ற சொல்லை நீக்கச் சொல்கிறது. இருமல் மாத்திரையும் மிட்டாய் மாதிரி சப்பும் வில்லையும் இருக்கும், சிரப் போகும். என்னைக் கேட்டால் சரியான முடிவு. பெட்டிக்கடைக்காரரால் மட்டுமில்லை, யாராலும் கண்ணால் பார்த்து இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கோல்ட்ரிஃப் டாக்டர் எழுதிக் கொடுத்து, உரிமம் உள்ள கடையில் வாங்கி, உரிமம் உள்ள ஆலையில் தயாரான மருந்து. 1986-ல் நஞ்சு இருந்தது பெரிய அரசு மருத்துவமனைக்கு உள்ளேயே. ஓட்டை தயாரிப்பிலும் சோதனையிலும் இருக்கிறது. ஆயிரம் பேர் கிராமத்துக் கடையில் பூட்டுப் போட்டால் அந்த ஓட்டை அடைபடாது.

மற்ற நாடுகள் இதை வேறு மாதிரி அணுகியிருக்கின்றன. பிரிட்டனில் 1968-ம் வருடத்துச் சட்டம் மருந்துகளை டாக்டர் சீட்டுக்கு, மருந்தாளுநர் மேற்பார்வைக்கு, பொது விற்பனைக்கு என்று மூன்றாகப் பிரித்தது. பொது விற்பனை மருந்தை மளிகைக் கடையே விற்கலாம், லண்டனாக இருந்தாலும் சரி, பட்டிக்காடாக இருந்தாலும் சரி. ஆனால் அளவு உண்டு. பாராசிட்டமாலை மொத்தமாக விழுங்கித் தற்கொலை செய்துகொள்வது அதிகமானதால், 1998-ல் சாதாரணக் கடையில் ஒரு பாக்கெட்டுக்கு 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32 என்று குறைத்தார்கள். அடுத்த 11 வருடங்களில் அப்படிப்பட்ட மரணங்கள் சுமார் 43 சதவீதம் குறைந்ததாக 2013-ல் ஒரு ஆய்வு வந்தது. சுவீடன் 2009-ல் மளிகைக் கடைக்கு மாத்திரையைத் திறந்துவிட்டது. பாராசிட்டமால் விஷமேறிய நோயாளிகள் அதிகமானதும் 2015 நவம்பரில் அந்த மாத்திரையை மட்டும் மருந்துக்கடைக்கே திருப்பி அனுப்பியது. இரண்டு நாடும் எண்ணியது ஊர் ஜனத்தை இல்லை, மாத்திரையை. எந்த மருந்து, எத்தனை, யாருக்கு ஆபத்து என்று பார்த்துப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் இருக்கிறார்கள். பாராசிட்டமால் வடசென்னைக்காரன் கல்லீரலையும் அப்படித்தான் கெடுக்கும் என்பதால், பத்து மாத்திரை அட்டைக்கு மேல் ஒருவருக்குத் தரக்கூடாது என்ற மாதிரி ஒரு வரம்பு நமக்கும் அர்த்தமுள்ளதாக இருக்கும்.

இந்தியாவிலும் 2022 மே மாதம் ஒரு வரைவு வந்தது. 16 மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கலாம், ஐந்து நாளைக்கு மேல் தரக்கூடாது என்றது. பாராசிட்டமால் 500, கேலமைன் லோஷன், போவிடோன் அயோடின் எல்லாம் அதில் உண்டு. மருந்தை வைத்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டால், விற்பது உரிமம் பெற்ற சில்லறை மருந்துக்கடையாக இருக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. பெட்டிக்கடை அதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

2025 டிசம்பர் வரைவும் 13-வது பதிவில் ஒரு சொல்லின் மேல்தான் கோடு போட்டிருக்கிறது. கொய்னாவும் அந்த நீளப் பெயர் மாத்திரையும் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. 'கிராமம்' என்ற சொல்லும் 'ஆயிரம் பேர்' என்ற எண்ணும்கூட அப்படியே.